ராஜகோபுரமே 87 மாடல்தான், அத்தான்!

டிஸ்கி: "ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி எடுத்தா மைலேஜாவது கிடைக்குமே தம்பி" என்று ஆரம்பிக்கும் பெரியவர்கள் இப்போதே நடையைக் கட்டிவிடலாம். இது குடும்பப் பிரச்சினை.

போன வாரம் ராத்திரி பதினோரு மணி. செமஸ்டர் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு அதன் மேலேயே தூங்கிக் கொண்டிருந்தேன். அரியமங்கலத்திலிருந்து அத்தான் போன்.

"மாப்ள, ரெண்டு போட்டோ அனுப்பியிருக்கேன் பாரு. எதை எடுக்கலாம்?"

பெண் பார்க்கும் படலமோ என்று அலறியடித்துக் கொண்டு பார்த்தால் இரண்டும் யமஹா ஆர்எக்ஸ் 100. அத்தைதான் பாவம், நிஜமான போட்டோ எப்போது வரும் என்று காத்துக் கொண்டிருக்கிறார் :-)

முதல் போட்டோவில் இருந்தது 1987 மாடல். கறுப்பு டாங்க், முகம் பார்க்கலாம் போல குரோம் மட்கார்டு, புது சீட் கவர். கரூர் பக்கம் ஒரு புரோக்கரிடம் நிற்கிறதாம். "ஒரிஜினல் ஜப்பான்" என்று போட்டோ மேலேயே எழுதியிருந்தது. விலை ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம். இரண்டாவது 1995 மாடல். சிவப்பு டாங்கில் ஒரு நீளக் கீறல், சீட் கிழிந்து செருப்புத் தைப்பவரிடம் தைத்தது, சைடு பாக்ஸில் ஒன்றின் கலர் மங்கல். திருவானைக்காவலில் ரிட்டயர்டு ஆன ஒருவர் வீட்டில் நிற்கிறது. வாங்கிய நாளிலிருந்து ஒரே ஓனர். விலை எழுபத்திரண்டாயிரம்.

அத்தானிடம் இருப்பது சீட்டு எடுத்த பணம் எண்பதாயிரம். கணக்கு உங்களுக்கே புரிந்திருக்கும். 95-ஐ எடுத்தால் கையில் எட்டாயிரம் மிஞ்சும், அதில் டயர் மாற்றலாம். 87-ஐ எடுத்தால் எண்பத்தைந்தாயிரம் குறைகிறது. அதற்கு அத்தையின் இரண்டு வளையல் அடகுக் கடைக்குப் போகும். அதைப் பற்றி அத்தையிடம் இன்னும் பேச்சே எடுக்கவில்லை. "அம்மா ஒண்ணும் சொல்லாது மாப்ள" என்கிறார். அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டார்தான். அதுதான் எனக்குக் கவலை.

"ஏன் அத்தான், எதுக்கு 87?"

"டேய், அது ஜப்பான்டா."

இந்த ஒரு வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

திருச்சியில் டூ ஸ்ட்ரோக் பைத்தியம் பிடித்த எவனிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆரம்ப வருஷத்து ஆர்எக்ஸ் எல்லாம் ஜப்பான், அதற்கப்புறம் வந்தது எல்லாம் இந்தியா, ஜப்பான் வண்டி என்றால் தங்கம், இந்தியா வண்டி என்றால் தகரம். சரி, எந்த வருஷம் வரைக்கும் ஜப்பான்? பாலக்கரையில் ஒருவர் 87 வரைக்கும் என்பார். உறையூரில் இன்னொருவர் 89 வரைக்கும் என்று சத்தியம் செய்வார். ஒரு புரோக்கர் என்னிடம் 90 என்றார், அவரிடம் விற்பதற்கு நின்றது 90 மாடல். கையில் இருக்கும் சரக்குக்கு ஏற்றபடி கோடு நகர்கிறது.

கொஞ்சம் பழங்கதை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து 100 சிசி பைக் செய்ய நம் அரசாங்கம் கதவைத் திறந்து விட்டது. 1984-ல் நம்ம ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100 வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100. அதே வருஷக் கடைசியில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோடு சேர்ந்து ஆர்எக்ஸ் 100-ஐ இறக்கியது. அடுத்து கவாசாகி பஜாஜ். எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனைதான். முதலில் ஜப்பானிலிருந்து உதிரிகளாகக் கொண்டு வந்து இங்கே பூட்டிக்கொள், ஆனால் வருஷத்துக்கு வருஷம் இந்திய உதிரிகளின் பங்கைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

ஆக, முதலில் வந்த வண்டிகளில் ஜப்பான் சாமான் இருந்தது நிஜம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "வருஷத்துக்கு வருஷம் கூட்டு" என்பதைக் கவனியுங்கள். ஒரு நள்ளிரவில் ஜப்பான் முடிந்து விடிந்ததும் இந்தியா தொடங்கவில்லை. ஒரு சாமான் இந்த வருஷம் மாறும், இன்னொன்று அடுத்த வருஷம் மாறும். நடுவில் ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் ஒன்றரை லட்சம், அந்தப் பக்கம் எழுபதாயிரம் என்பது யாரோ உட்கார்ந்து போட்ட கோடு.

வருஷம் பார்த்து வண்டி வாங்குவதே முட்டாள்தனம் என்று சொல்ல வரவில்லை. வருஷத்துக்கு அர்த்தம் இருக்கும் வண்டிகள் இருக்கின்றன. இதே எஸ்கார்ட்ஸ் 1983-ல் கொண்டு வந்த ராஜ்தூத் 350-ஐ எடுத்துக் கொள்ளுங்கள். யமஹா ஆர்டி 350-இன் இந்திய அவதாரம். இரண்டு சிலிண்டர், 347 சிசி, ஆறு கியர். ஜப்பானில் 39 ஹெச்பி கொடுத்த இஞ்சினை இங்கே மைலேஜுக்காக 30.5-க்கு இறக்கினார்கள். அப்படியும் பெட்ரோல் குடிக்கிறது என்று ஜனங்கள் புலம்பவே, 1985 வாக்கில் இன்னும் கழுத்தை நெரித்து 27-க்குக் கொண்டு வந்தார்கள். முதலாவது ஹெச்டி, பின்னால் வந்தது எல்டி. ஹை டார்க், லோ டார்க். இங்கே வருஷம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. போர்ட்டிலும் எக்ஸாஸ்டிலும் கை வைத்திருக்கிறார்கள், கம்பெனியே இரண்டுக்கும் வேறு வேறு எண் சொல்லியிருக்கிறது.

வெளிநாட்டுக்குப் போங்கள். போர்ஷே 911 என்று ஒரு கார். நாம் எல்லாம் போஸ்டரில் மட்டும் பார்த்தது. அதிலும் எந்த வருஷம் எடுப்பது என்று தலையைப் பிய்த்துக் கொள்கிறார்கள். 1974 முதல் 77 வரை வந்த 2.7 லிட்டர் இஞ்சின்களுக்கு மக்னீசியம் கிராங்க் கேஸ். சூட்டில் அது ஹெட் ஸ்டட்களைப் பிடித்துக்கொள்ள முடியாமல் விட்டுவிடும், ஸ்டட் பிடுங்கிக் கொண்டு வரும். 1978-ல் வந்த எஸ்சி மாடலில் அலுமினியம் கேஸ், அந்தத் தொல்லை இல்லை. 1987-ல் கியர்பாக்ஸே மாறியது, அதனால் 87 முதல் 89 வரையிலான கார்களுக்குத் தனி மவுசு. ஒவ்வொரு வருஷத்துக்குப் பின்னாலும் ஒரு உலோகம், ஒரு பல்சக்கரம், கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது. அதற்கும் மேலே, இந்த இஞ்சின் இந்தக் காருக்குத்தான் பிறந்ததா என்று கம்பெனி ரெக்கார்டைப் பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டார்கள்.

நம்ம ஆர்எக்ஸ்? 98 சிசி. 50 மிமீ போர், 50 மிமீ ஸ்ட்ரோக். 7500 ஆர்பிஎம்மில் 11 ஹெச்பி. நூறு கிலோவை ஒட்டிய எடை. இரண்டு பக்கமும் டிரம் பிரேக். 1985-ல் வந்தது, 1996-ல் மாசு விதிகள் இறுகியபோது கடையைக் கட்டியது. இந்தப் பதினோரு வருஷத்தில் ஹெச்டி, எல்டி மாதிரி ஒரு பிரிவினை கிடையாது. சண்டை எல்லாம் "சவுண்டு வேற மாதிரி இருக்கும்டா" என்பதில்தான் நடக்கிறது.

சவுண்டு! இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. டூ ஸ்ட்ரோக் வண்டியின் சத்தம் பாதிக்கு மேல் சைலன்சரில் இருக்கிறது. உள்ளே இருக்கும் பேஃபிளைக் கழற்றினால் ஒரு சத்தம், கரி அடைத்தால் ஒரு சத்தம், ஒரு ஓட்டை போட்டால் இன்னொரு சத்தம். 94 மாடலுக்கு 86 சத்தம் வர வைக்க ஒரு ஸ்குரூ டிரைவரும் அரை மணி நேரமும் போதும். கரூர் புரோக்கர் போனிலேயே கிக்கரை உதைத்து, ஆக்சிலேட்டரை முறுக்கி அத்தானுக்குச் சத்தத்தைக் கேட்க வைத்தாராம். "கேட்டியா மாப்ள, ஜப்பான்!" அத்தான், அது உங்க போன் ஸ்பீக்கர்.

இதில் எனக்கு வயிறு எரிவது ஏன் என்றால், அத்தான் ஒன்றும் விவரம் தெரியாத ஆள் இல்லை. துவாக்குடியில் ஒரு பட்டறையில் டர்னர். பத்து வருஷ அனுபவம். காலையில் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தால் சாயங்காலம் வரை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பிடித்துக் கொண்டு சண்டை போடுகிற தொழில். இரண்டு நூறு கூடினால் சூப்பர்வைசர் அந்தத் துண்டைத் தூக்கி ஸ்கிராப்பில் போட்டுவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு இஞ்சினை அளந்து பார்க்காமல் "ஜப்பான்" என்ற சத்தத்தை நம்பி அம்மா வளையலைக் கழற்றப் போகிறார்.

அவருக்குத் தெரிந்த கணக்கையே அவருக்குச் சொன்னேன். ஆர்எக்ஸ் சிலிண்டரின் உள்விட்டம் 50 மிமீ. ஓடி ஓடித் தேய்ந்தால் ரீபோர் செய்வார்கள். கால் மிமீ பெரிதாக்கி, அதற்கேற்ற கால் ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். அடுத்த தடவை அரை. அப்புறம் முக்கால். அப்புறம் ஒன்று. ஒரு மிமீ வரை போய்விட்டால் அந்த சிலிண்டரின் கதை ஏறக்குறைய முடிந்தது, அதற்கு மேல் ஸ்லீவ் அடிக்க வேண்டும். 51 மிமீ ஆகிவிட்ட சிலிண்டரின் கொள்ளளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 102 சிசி வரும். அந்த வண்டி இப்போது ஆர்எக்ஸ் 102!

முப்பத்தெட்டு வருஷத்துக்கு மேல் ஓடிய டூ ஸ்ட்ரோக் வண்டி எத்தனை ரீபோர் பார்த்திருக்கும்? அதில் ஜப்பானிலிருந்து வந்த பிஸ்டன் இருக்காது. ரிங் இருக்காது. கனெக்டிங் ராடும் அதன் பேரிங்கும் எப்போதோ மாறியிருக்கும். கிளட்ச் பிளேட், செயின், ஸ்பிராக்கெட், பிரேக் ஷூ, கேபிள், டயர் எல்லாம் தின்று தீர்ந்து போகும் சாமான்கள். சிலிண்டர் வார்ப்பு வேண்டுமானால் ஜப்பானாக இருக்கலாம், ஆனால் பிஸ்டன் உரசி ஓடும் அந்தச் சுவர் ஏதோ ஒரு லேத் பட்டறையில் கடைந்தது. அத்தான் மாதிரி ஒருத்தர் கடைந்தது. நன்றாகக் கடைந்திருந்தால் வண்டி நன்றாக ஓடும். அரைகுறையாகக் கடைந்திருந்தால் எந்த நாட்டு வார்ப்பும் காப்பாற்றாது.

"அப்ப ஜப்பான் மெட்டலுக்கு மதிப்பே இல்லங்கிறியா?"

இருக்கிறது. குரோம் பூச்சு, கிராங்க் கேஸ் வார்ப்பு, கியர் பற்கள், இவற்றில் பழசு ஒசத்தியாகவே இருக்கட்டும், ஒத்துக் கொள்கிறேன். முதல் ஓனரிடம் தொடாமல் கிடக்கும் 86 மாடல் ஒன்று கண்ணில் பட்டால் நானே கடன் வாங்கிக் கொடுக்கிறேன். ஆனால் அது புரோக்கர் கடையில் பெயிண்ட் அடித்துக் கொண்டு நிற்காது. நிற்பது எல்லாம் மூன்று வண்டியைப் பிரித்து ஒன்றாகப் பூட்டியது. ஃபிரேம் ஒன்று, இஞ்சின் ஒன்று, ஆர்சி புக் ஒன்று.

இந்த இடத்தில் என் முழங்கையில் இருக்கும் தழும்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன வருஷம் என் வகுப்புத் தோழன் ஒருவன் "86 ஜப்பான்" வாங்கினான். ஒரு லட்சத்து நாற்பதாயிரம். வாங்கிய மூன்றாவது வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னைப் பின்னால் ஏற்றிக் கொண்டு ஸ்ரீரங்கம் வந்தான். காவிரிப் பாலத்தில் காற்று ஜில்லென்று அடிக்க, அவன் முறுக்க, வண்டி பறக்க, நான் கோபுரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தேன். திடீரென்று 'கீச்' என்று ஒரு சத்தம். பின் சக்கரம் கல் மாதிரி நின்றுவிட்டது. சக்கரம் சுற்றவில்லை, ஆனால் வண்டி போய்க் கொண்டிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது பாலத்தின் கைப்பிடிச் சுவர். எனக்கு முழங்கை உரிந்தது. அவனுக்குக் காரை எலும்பு முறிவு. பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் பிரேக் அடித்ததால் இதை உட்கார்ந்து டைப் செய்து கொண்டிருக்கிறேன்.

என்ன நடந்தது என்பதை மெக்கானிக் பிரித்துக் காட்டினார். டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் கிராங்க் கேஸ் என்பது வெறும் பெட்டி இல்லை, அதுவும் ஒரு பம்ப். பெட்ரோல் கலந்த காற்று முதலில் அங்கே போய், அழுத்தம் பெற்று, பிறகுதான் மேலே சிலிண்டருக்கு ஏறும். அதனால் அந்தப் பெட்டியில் ஊசி நுழையும் ஓட்டைகூட இருக்கக் கூடாது. கிராங்கின் இரண்டு முனையிலும் ரப்பர் ஆயில் சீல் இருக்கும். அந்த ரப்பர் வயசானால் கெட்டிப் பட்டு விறைத்துப் போகும். மேக்னெட் பக்கத்து சீல் விறைத்தால் அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும். காற்று கூடினால் பெட்ரோல் விகிதம் குறையும். பெட்ரோலோடு வரும் 2டி ஆயிலும்தான் குறையும். சூடு ஏறும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக் கொள்ளும். இஞ்சின் நின்றால் பின் சக்கரமும் நிற்கும். அந்த அரை நொடிக்குள் கிளட்சைப் பிடித்தால் தப்பிக்கலாம். இரண்டு விரலைக் கிளட்ச் மேலேயே வைத்துக் கொண்டு ஓட்டும் பழைய ஆட்களைப் பார்த்திருப்பீர்களே, ஸ்டைலுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்த வண்டியில் என்ன ஜப்பான் இருந்தது தெரியுமா? சிலிண்டர் ஸ்லீவ் அடித்தது. பிஸ்டன் தலையில் இந்த ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஒரு பிராண்டின் பெயர். சீல் கருங்கல். ஜப்பான் என்று இருந்தது டாங்க் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மட்டும். அதுவும் புதுசு. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கொடுத்த வண்டியில் சில நூறு ரூபாய் சீலை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? "ஜப்பான் இஞ்சின், தொடக் கூடாது" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். வாங்கியவனும் பக்தியோடு தொடாமல் வைத்திருந்தான்.

இதனால்தான் எனக்கு இந்த வருஷப் பைத்தியத்தின் மேல் கோபம். பணம் வீணாவது ஒரு பக்கம். வருஷத்தைப் பார்க்கிறவன் வேறு எதையும் பார்க்க மாட்டான் என்பதுதான் ஆபத்து.

அந்தப் பாலத்தையே எடுத்துக் கொள்ளுங்களேன். காவிரிப் பாலம் 1976-ல் கட்டியது. "ஒரிஜினல் 76 மாடல், தொடாதே" என்று யாராவது சொன்னார்களா? 2022 கடைசியில் மூடிவிட்டு மாதக் கணக்கில் எங்களைச் சுற்ற விட்டு, பேரிங்குகளையும் இணைப்புகளையும் சரி செய்தார்கள். திட்டிக் கொண்டேதான் சுற்றினோம். ஆனாலும் தேய்ந்த பேரிங்கோடு ஒரிஜினலாக இருக்கட்டும் என்று ஒருத்தரும் மனு கொடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் ராஜகோபுரம் தெரியும். 13 நிலை, 236 அடி. வெளியூர்க்காரர்கள் வந்து அண்ணாந்து பார்த்து "எத்தனை நூறு வருஷம் பழசு!" என்று வாயைப் பிளப்பார்கள். அடிப்பகுதி பழசுதான். ஆனால் பல நூறு வருஷம் அது மொட்டையாகவே நின்றது. அகோபில மடத்தின் 44-வது ஜீயர் 1979-ல் கையில் எடுத்து, மேலே கட்டி முடித்து, 1987 மார்ச்சில்தான் கும்பாபிஷேகம் நடந்தது. ஆக, ராஜகோபுரமே 87 மாடல்! அத்தான் ஆசைப்படும் வண்டியும் கோபுரமும் ஒரே செட்டு. வித்தியாசம் என்னவென்றால், கோபுரத்தில் எது பழசு, எது புதுசு என்று ஊருக்கே தெரியும், ஒளிவு மறைவு கிடையாது. வண்டியில் அதைக் கேட்டால் புரோக்கருக்குக் கோபம் வருகிறது.

சரி, அந்த 87 போட்டோவை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம்பர் பிளேட்டில் டிஎன் என்று தொடங்கும் நம்பர். அத்தான் கவனிக்கவில்லை. இப்போதுள்ள இந்த நம்பர் முறையே 1989 ஜூலையில் புது மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு வந்ததுதான். திருச்சி 45, ஸ்ரீரங்கம் 48 எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. 87-ல் தமிழ்நாட்டில் பதிவான வண்டி என்றால் பழைய மூன்றெழுத்து நம்பர் இருக்க வேண்டும். கேட்டதற்கு, வண்டி கர்நாடகாவிலிருந்து வந்ததாம், இங்கே மறுபதிவு செய்ததாம். இருக்கலாம், அப்படி வரும் வண்டிகள் உண்டு. அப்படியானால் அங்கிருந்து வாங்கிய என்ஓசி நகல் எங்கே, ஆர்சியில் தயாரிப்பு மாதம் என்ன, சேசிஸ் நம்பர் பஞ்ச் எப்படி இருக்கிறது, இதையெல்லாம் கேட்க வேண்டாமா? கேட்டால் "நம்பிக்கை இல்லன்னா விடுங்க சார், பெங்களூர் பார்ட்டி ஒண்ணு வெயிட்டிங்" என்கிறார். எல்லா புரோக்கருக்கும் ஒரு பெங்களூர் பார்ட்டி எப்போதும் வெயிட்டிங்கில் இருக்கிறது.

இஞ்சினை மாற்றிப் பூட்டிய வண்டி என்றால் அது இன்னொரு வம்பு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. இஞ்சின் மாற்றினால் ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் செக்கிங்கில் நிறுத்தினாலும் சிக்கல், விபத்து ஆகி இன்சூரன்ஸ் கேட்டாலும் சிக்கல். நம்பர் பொருந்தாத இஞ்சின் திருட்டு வண்டியிலிருந்து வந்ததா என்று யாருக்குத் தெரியும்? "ஜப்பான் இஞ்சின் போட்டுத் தர்றேன் சார்" என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அந்தப் பெருமைக்குப் பின்னால் இந்த விவகாரம் எல்லாம் இருக்கிறது.

இன்னொரு பொய்யும் உலவுகிறது: "விண்டேஜ் மாடல் சார், அதான் ரேட்டு." 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கு விதி கொண்டு வந்தது. 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், ஒரிஜினல் வடிவம் மாறக் கூடாது, தினசரி ஓட்டக் கூடாது. முதல் ஆர்எக்ஸ் அந்த வயசை எட்டுவதே 2035-ல். அதுவரை இது சாதாரணப் பழைய வண்டி. சாதாரணப் பழைய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை எஃப்சி காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். பைக்குக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் ஆயிரமானது. 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025-ல் இரண்டாயிரமாக்கினார்கள். பசுமை வரி தனி. 87-க்கும் 95-க்கும் இதில் ஒரு வித்தியாசமும் இல்லை, இரண்டும் கிழம்.

"அப்ப நீ என்னதான்டா பாக்கச் சொல்ற?"

முதலில் ஆட்களைப் பாருங்கள். எத்தனை கை மாறியது, கடைசியாக யார் இஞ்சினைப் பிரித்தது, அந்த மெக்கானிக் இன்னும் இருக்கிறாரா என்று கேளுங்கள். அப்புறம் ஆர்சியில் உள்ள இஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பரை டார்ச் அடித்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். பஞ்ச் மேல் புதுப் பெயிண்ட் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம். அதற்குப் பிறகு ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். காற்றில் குளிரும் டூ ஸ்ட்ரோக், வால்வு இல்லை, டைமிங் செயின் இல்லை, சில நட்டுகளைக் கழற்றினால் பிஸ்டன் தலை தெரியும். எந்த ஓவர்சைஸ் ஓடுகிறது என்று பெரும்பாலும் அங்கேயே பொறித்திருக்கும். சிலிண்டர் சுவரில் நெடுக்குக் கோடு இருந்தால் ஏற்கெனவே ஒரு முறை கவ்வியிருக்கிறது. ஹெட் கழற்ற ஒத்துக்கொள்ளாதவரிடம் வண்டி வாங்காதீர்கள், அவர் ஹிரோஷிமாவிலிருந்தே கொண்டு வந்திருந்தாலும் சரி. வாங்கியதும் முதல் செலவு இரண்டு கிராங்க் சீல், இரண்டு பிரேக் ஷூ. பெயிண்ட் எல்லாம் தீபாவளிக்குப் பார்த்துக் கொள்ளலாம்.

வருஷமா? கடைசியில் மனசு ஆசைப்பட்டால் பார்த்துக் கொள்ளுங்கள், ஜாதகத்தில் நட்சத்திரம் பார்ப்பது மாதிரி.

திருவானைக்காவல் 95-ஐ நேற்று சாயங்காலம் நானே போய்ப் பார்த்தேன். அந்த ஐயா ஒரு பழைய டைரியைக் கொண்டு வந்து காட்டினார். முதல் ரீபோர், கால் ஓவர்சைஸ், 2009, இத்தனை கிலோமீட்டரில். சீல் மாற்றியது இரண்டு முறை, தேதியோடு. பெட்ரோல் போட்ட கணக்குகூட முதல் சில வருஷத்துக்கு எழுதி வைத்திருக்கிறார். டாங்கில் இருக்கும் கீறல் எப்படி வந்தது என்று கேட்டேன். பையன் சின்ன வயசில் சைக்கிளைச் சாய்த்துவிட்டானாம். அந்தப் பையன் இப்போது வெளிநாட்டில். "ஓட்ட ஆள் இல்ல தம்பி, நின்னா வீணாப் போயிடும்" என்றார். மூன்றாவது உதையில் கிளம்பியது. புகை வந்தது, கொஞ்சம் கூடவே வந்தது, அதை மறைக்க மாட்டேன். கிளட்ச் பக்கத்து சீல் கியர் ஆயிலை உறிஞ்சுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அத்தானுக்கு டைரியின் போட்டோவை அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு, "கையெழுத்து நல்லாருக்கு" என்று மட்டும் வந்தது. அப்புறம், "ஆனா 95-ன்னு பசங்ககிட்ட எப்படிடா சொல்றது?" என்று வந்தது.

அத்தான் பிறந்ததே 96-ல். ஆர்எக்ஸ் 100 நின்று போன வருஷம். அவரையே நாங்கள் யாரும் பழைய மாடல் வேண்டும் என்று திருப்பி அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருவானைக்காவல் வரச் சொல்லியிருக்கிறேன். ஐயா ஹெட்டைக் கழற்றிப் பார்க்க ஒத்துக்கொண்டு விட்டார், காபியும் உண்டு என்று சொல்லியிருக்கிறார். வரும்போது பட்டறையிலிருந்து போர் கேஜை எடுத்துக் கொண்டு வாருங்கள் என்றேன்.

"அது கம்பெனி சாமான்டா, வெளிய எடுத்தா சூப்பர்வைசர் கொன்னுடுவாரு" என்றார்.

வளையலைப் பற்றி அத்தையிடம் பேசிவிட்டீர்களா என்று கேட்டேன். போன் கட்டாகிவிட்டது. சிக்னல் பிரச்சினையாம்.